பல வருஷமா தொடாத ஹேண்ட் பிரேக்: பழைய பிக்கப்பில் பிடிக்குமா? பிடித்தால் விடுமா?

இமாச்சலப் பிரதேசம், சோலன் பக்கம் ஒரு நண்பரின் தோட்டம். தக்காளி ஏற்றும் பிக்கப் ஒன்று நிற்கிறது, வயது 14. ஒரு நாள் நான்தான் ஓட்டினேன். சாலையோரம் நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பையா, அது ஏறும். இறங்காது."

சொன்னபடியே நடந்தது. லீவர் என்னமோ அழகாகக் கீழே வந்தது. ஆனால் இடது பின்சக்கரம் விடவே இல்லை. மெக்கானிக் வந்து டிரம்மைத் தட்டி விடுவிக்க மூன்று மணி நேரம். வண்டியில் பழுத்த தக்காளி.

ஹேண்ட் பிரேக்கைச் சோதிப்பது என்றால் பெரும்பாலோர் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: பிடிக்குதா? பல வருஷமாகத் தொடாத பிரேக்குக்கு அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: பிடித்த பிறகு விடுமா? ஊரில் அப்பாவின் பழைய பிக்கப் நிற்கிறதா, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கப் போகிறீர்களா, பண்ணை வேலைக்கு ஒன்று வைத்திருக்கிறீர்களா? இந்த இரண்டு கேள்விக்கும் எந்த வரிசையில் பதில் தேடுவது என்று பார்ப்போம்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது?

இந்தியச் சாலைகளில் ஓடும் பழைய பிக்கப்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். கால் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் போய் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்களை விரிக்கும். ஹேண்ட் பிரேக்குக்கு இந்த ஆயில் சமாச்சாரமே கிடையாது. லீவரை இழுத்தால் ஒரு இரும்புக் கேபிள் இழுபடும். அது டிரம்முக்குள் இருக்கும் சின்ன நெம்புகோலை இழுக்கும். அந்த நெம்புகோல் அதே ஷூக்களை விரித்து டிரம்மை அழுத்தும். அவ்வளவுதான்.

முழுக்க முழுக்க மெக்கானிக்கல் என்பதுதான் இதன் பலம். ஆயில் மொத்தமும் ஒழுகிப்போனாலும் இது வேலை செய்யும். பலவீனமும் அதுவே: கேபிள் துருப்பிடித்தால் கதை முடிந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பழைய ஜீப் வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இருக்காது. கியர் பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற தனி டிரம்மாக இருக்கும். உங்கள் வண்டியில் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

பயன்படுத்தாவிட்டால் ஏன் கெடுகிறது?

கேபிள் ஒரு உறைக்குள் ஓடுகிறது. அடிக்கடி இழுத்து விட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் பரவிக்கொண்டே இருக்கும். சும்மா விட்டால் கிரீஸ் காய்ந்துபோகும். உறையில் எங்காவது வெடிப்பு விட்டிருந்தால் மழைத்தண்ணீரும் சேறும் உள்ளே போய்த் தங்கும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முனைதான் சேற்றை அதிகம் வாங்குகிற இடம். துரு பெரும்பாலும் அங்கேயிருந்துதான் தொடங்கும்.

டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோலும் அதன் மூட்டும் இதே மாதிரி இறுகும். கால் பிரேக் தினமும் வேலை செய்வதால் ஷூக்கள் நன்றாக அசைகின்றன. ஆனால் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் மட்டும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால்தான் "பிரேக் சூப்பரா பிடிக்குது, ஹேண்ட் பிரேக் மட்டும் இல்ல" என்கிற வண்டிகளை நிறையப் பார்க்கிறோம்.

இப்போது நீங்கள் திடீரென்று பலமாக இழுத்தால் என்ன ஆகும்? உங்கள் கைபலம் துருவை மீறிக் கேபிளை இழுத்துவிடும். ஆனால் திரும்பக் கொண்டுவரும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள். துருவை மீறும் பலம் அவற்றுக்கு இருக்காது. ஏறும், இறங்காது என்று அந்த டிரைவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆக, லீவர் கீழே வந்துவிட்டது என்பது சக்கரம் விடுபட்டதற்குச் சாட்சி அல்ல.

'கியர்ல விட்டா போதாதா?'

பல டிரைவர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். கியர், டயருக்கு ஒரு கல் அல்லது கட்டை. மலைப்பாதை லாரிகளில் இதற்கென்றே ஒரு மரக்கட்டை இருக்கும். பழக்கம் நல்லதுதான், கட்டை கொடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஹேண்ட் பிரேக் இல்லாமல் கியரை மட்டும் நம்புவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது வெளிப்படுவது பஞ்சர் ஆகும்போது. கியரில் நிற்கும் வண்டியை எஞ்சின் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போகிறது. ஜாக்கி வைத்து ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், தூக்கிய சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும். டிஃபரென்ஷியலின் வேலையே இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவதுதான். எனவே தரையில் இருக்கும் இன்னொரு பின்சக்கரமும் உருளலாம். கியரில் இருக்கும்போதே வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழலாம்.

ஷாஃப்ட்டைப் பிடிக்கும் வகை ஹேண்ட் பிரேக்குக்கும் இதே ஆபத்து உண்டு. சக்கரத்தில் இருக்கும் ஹேண்ட் பிரேக் வேலை செய்தால், தரையில் நிற்கும் அந்த ஒரு பின்சக்கரமாவது பிடிபட்டிருக்கும். எந்த வகையாக இருந்தாலும், ஜாக்கி வைக்கும் முன் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுப்பதைத் தவிர்க்கவே கூடாது.

எவ்வளவு பிடிக்கணும்? கணக்கு போட்டுப் பார்ப்போம்

சரிவில் நிற்கும் வண்டியைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. எவ்வளவு விசையுடன் இழுக்கிறது என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: வண்டியின் எடை, சரிவின் அளவு. சரக்கோடு சேர்த்து 2,500 கிலோ உள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம்.

- 3.3% சரிவு (சமவெளிச் சாலைகளுக்கு இந்தியச் சாலை வடிவமைப்பில் வழக்கமான வரம்பு): சுமார் 82 கிலோ இழுவை
- 5% சரிவு (மலைப்பகுதிச் சாலைகளுக்கு வழக்கமான வரம்பு): சுமார் 125 கிலோ
- 7% சரிவு: சுமார் 175 கிலோ
- 10% சரிவு: சுமார் 249 கிலோ
- 18% சரிவு: சுமார் 443 கிலோ

கடைசி எண் சும்மா போட்டதல்ல. சரக்கு வாகனங்களின் பிரேக்குக்கான ஐ.நா. ஒழுங்குமுறை ஆர்13, முழுச் சுமையோடு இருக்கும் வண்டியை 18% சரிவில், ஏற்றத்திலும் இறக்கத்திலும், பார்க்கிங் பிரேக் மட்டுமே பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. 100 மீட்டர் தூரத்துக்கு 18 மீட்டர் உயரம் என்பதுதான் 18%.

இப்போது நாம் வழக்கமாகச் செய்யும் சோதனையைப் பாருங்கள். காலி வண்டி, எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பக்கத்து 5% சரிவில் நிறுத்தி, "பாத்தீங்களா, நிக்குது" என்கிறோம். அங்கே பிரேக் தாங்கியது வெறும் 80 கிலோ. அந்த 443 கிலோவில் இது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே இடத்தில் சரக்கு ஏற்றினால் இழுவை 125 ஆகிவிடும். 'காலியா நிக்குது' என்பது நல்ல செய்தி. அதையே முழுச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது.

நிற்காமல் போனால்? 5% சரிவில் 20 மீட்டர் உருண்டாலே வண்டி 1 மீட்டர் உயரம் இறங்கியிருக்கும். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். உள்ளே ஆளில்லாத இரண்டரை டன்.

இழுப்பதற்கு முன்

இடம் முக்கியம். சமதளம், முன்னாலும் பின்னாலும் ஆளோ சுவரோ இல்லாத இடம், ஒரு மெக்கானிக் வந்து சேரக்கூடிய தூரம். பயணம் கிளம்பும் காலையில் இதைச் செய்யாதீர்கள். சிக்கிக்கொண்டால் ஒரு நாள் போகும் என்று நினைத்துத் தொடங்குங்கள்.

1. வண்டியை வழக்கமாக ஓட்டுபவரிடம் கேளுங்கள்: ஹேண்ட் பிரேக் ஏன் போடுவதில்லை? 'பழக்கமில்ல' என்பது ஒரு பதில். 'ஒரு தடவை மாட்டிக்கிச்சு' என்பது வேறு பதில். இரண்டாவது பதில் வந்தால் நீங்களாக இழுக்க வேண்டாம். நேரே மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

2. கால் பிரேக்கைப் பாருங்கள். பெடல் உறுதியாக இருக்கிறதா, அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறதா? இறங்கினால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் சோதனையில் உங்கள் பாதுகாப்பே கால் பிரேக்தான்.

3. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டு, டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். கேபிள் உறையில் வெடிப்பு, பிரிந்த கம்பி இழை, துரு, கேபிள் சைலன்சர் குழாயில் உரசும் இடம், இவற்றைத் தேடுங்கள். ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றுவதுதான் சரி.

4. பின்சக்கரங்களின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா? பிரேக் ஆயிலோ, ஆக்ஸில் சீல் போய் வரும் கியர் ஆயிலோ லைனிங்கில் பட்டால் கேபிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிடிக்காது.

5. வெளியே தெரியும் மூட்டுகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு விடுங்கள். டிரம்முக்குள்ளேயோ அதன் ஓரத்திலேயோ மட்டும் படக் கூடாது.

சோதனை: 5 படிகள்

படி 1: பாதி இழுப்பு. கியர் நியூட்ரலில், கட்டைகள் அப்படியே. லீவரை மூன்று நான்கு 'டிக்' மட்டும் இழுங்கள். விடுங்கள். ஒருவரைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள்: சக்கரத்துக்குப் பின்னால் கேபிள் முழுசா பழைய இடத்துக்குத் திரும்பியதா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நகர்கிறதா? இதைப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். கேபிள் மெல்ல இளகுவது கையிலேயே தெரியும். திரும்பவில்லை என்றால் இங்கேயே நிறுத்துங்கள்.

படி 2: முழு இழுப்பு. பாதி இழுப்பு சரியாகத் திரும்பினால் மட்டும் இது. 'டிக்' சத்தத்தை எண்ணுங்கள். சரியான எண்ணிக்கை வண்டியின் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் 5 முதல் 9 வரை. லீவர் எதிர்ப்பே இல்லாமல் மேலே வந்தால் கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். கல் மாதிரி அசையவே இல்லையென்றால் கேபிள் இறுகியிருக்கிறது. கடைசிப் பல் வரைக்கும் ஏறினால் ஷூ இடைவெளி அதிகம், அல்லது கேபிள் நீண்டிருக்கிறது.

படி 3: சமதளத்தில் பிடிப்பு. ஹேண்ட் பிரேக் போட்டபடி கட்டைகளை எடுத்து ஒரு அடி தள்ளி வையுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து முதல் கியரில் கிளட்சை மெல்ல, பாதி மட்டும் விடுங்கள். ஒன்றிரண்டு விநாடி போதும். எஞ்சின் திணறி அணையப் பார்த்தால் பிடிப்பு இருக்கிறது. தடையே இல்லாமல் நகர்ந்தால் பிரேக் இல்லை. டீசல் எஞ்சினுக்கு முதல் கியரில் இழுவை அதிகம் என்பதால் லேசாக அசைவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள், கிளட்ச்தான் தேயும்.

படி 4: மிதமான சரிவில், இரண்டு திசையிலும். முன்பக்கம் மேலே பார்த்து ஒரு முறை, கீழே பார்த்து ஒரு முறை. இறக்கத்தின் பக்கம் டயரிலிருந்து ஒரு அடி தள்ளிக் கட்டை இருக்கட்டும். அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கால் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, காலை மெல்ல எடுங்கள். கால் பெடலுக்கு மேலேயே இருக்கட்டும். இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். சில பிரேக்குகள் முதலில் நிற்கும், பிறகு மெல்ல நழுவும்.

படி 5: விடுதா? பலர் விட்டுவிடும் படி இது. லீவரை இறக்கிவிட்டு, சமதளத்தில் நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். தாராளமாக உருள வேண்டும். பிறகு கால் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். பின்சக்கரங்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால், அல்லது கருகிய வாடை வந்தால், அந்தப் பக்கம் ஷூ விடவில்லை.

ஓடும் வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்ப்பது இந்தப் பட்டியலில் இல்லை. வேண்டவும் வேண்டாம். ஒரு பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பிவிடும்.

சிக்கிக்கொண்டால்?

முதல் ஆசை, ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுத்துவிடுவது. அதை அடக்குங்கள். துருவில் ஒட்டிய லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்முக்குள் சுருண்டுகொள்ளலாம். லீவரை முழுசா இறக்கிவிட்டு, வண்டியை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தின் பின்னால் கேபிள் திரும்பாமல் நிற்பது தெரிந்தால் மெக்கானிக் அதை வெளியிலிருந்தே தள்ளி விடுவிக்க முடியும். டிரம்மின் மேல் சுத்தியலால் அளவாகத் தட்டுவதும் அவர் செய்யும் வேலைதான்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

"ஹேண்ட் பிரேக் டைட் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கேபிள் நட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வாய்ப்பு உண்டு. லீவர் டைட்டாகத் தெரியும். ஆனால் ஷூ எப்போதும் டிரம்மை உரசிக்கொண்டிருக்கும். டீசல் வீணாகும், லைனிங் தேயும்.

சரியான வரிசை இது: டிரம்மைக் கழற்று, நெம்புகோல், ஸ்பிரிங், லைனிங், வீல் சிலிண்டர் பார், சுத்தம் செய், முதலில் ஷூ இடைவெளியைச் சரிசெய், கடைசியில்தான் கேபிள். கேபிள் ஒருமுறை துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விட்டு ஒப்பேற்றுவதைவிட மாற்றிவிடுவது நல்லது. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது அவர் நுரையீரலுக்குத்தான் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 96-வது விதிப்படி, பிக்கப் போன்ற வாகனங்களுக்குக் கால் பிரேக், பார்க்கிங் பிரேக் என இரண்டு தனித்தனி பிரேக் அமைப்புகள் இருக்க வேண்டும்; இரண்டும் திறம்பட வேலை செய்ய வேண்டும். கால் பிரேக் இருக்கே என்பது பதில் ஆகாது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 126-வது பிரிவு, உரிமம் பெற்ற ஒருவர் டிரைவர் சீட்டில் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை நிறுத்துவது பற்றியது. எஞ்சினை அணைத்து, பிரேக் போட்டோ வேறு வழி செய்தோ, வண்டி தானாக நகர முடியாதபடி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது.

மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்.சி.யும் இருக்கிறது. 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். தானியங்கிச் சோதனை நிலையங்களில் ரோலர் மீது சக்கரத்தை ஏற்றி பிரேக் விசையை எண்ணாகவே அளக்கிறார்கள். மேலே போட்ட கணக்கு உங்களுக்குப் பயமாக இருந்தால், உங்கள் வண்டிக்கான உண்மையான எண் கிடைக்கும் இடம் அதுதான். சொந்த உபயோக வண்டியென்றால் ஆர்.சி. முதலில் 15 வருஷம் செல்லும். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதும் வண்டி தகுதியோடு இருக்க வேண்டும்.

சரியாகிவிட்டது. இனி?

தினமும் நிறுத்தும்போது போடுங்கள். முதலில் கால் பிரேக், பிறகு ஹேண்ட் பிரேக், கடைசியில் கியர்: ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். சரிவில் கட்டையும் சேரட்டும்.

மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிறீர்கள் என்றால் மட்டும் இதைத் திருப்பிப் போடுங்கள். சமதளத்தில், கியரில், இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஈரத்தில் ஷூவும் டிரம்மும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும். ஆனால் வண்டியை மறுபடி எடுக்கும் அன்றே ஹேண்ட் பிரேக் பழக்கத்தையும் மறுபடி எடுங்கள். பல வண்டிகளில் பிரேக் செத்துப்போனது அந்த ஒரு நாளை மறந்ததால்தான்.

சோலன் பிக்கப்புக்கு இரண்டு கேபிளும் புதுசு போட்டாயிற்று. அந்த டிரைவர் இப்போது ஹேண்ட் பிரேக் போடுகிறார். இறங்கியதும் கட்டையையும் வைக்கிறார். இரண்டுமே இருக்கட்டும்.